வல்லவன் வந்த வழி

‘வல்லவன்’ 2006 இல் கோலாலம்பூரில் பிறந்த இசைத்தொகுப்பு. யோகி பி, டொக்டர் பர்ன், எம்சி ஜெஸ் என்ற மூவர் சேர்ந்து ‘யோகி பி அன்ட் நட்சத்திரா’ என்ற பெயரில் செய்தது. கிழக்கிலங்கையின் ஒலுவிலில் அதன் இறுவட்டை நான் யாரிடமும் கண்டதில்லை. அட்டைப்படம் வரவில்லை, பாடல்வரி அச்சிட்ட தாள் வரவில்லை, பாடியவர்களின் பெயர்கூட வரவில்லை. ‘மடை திறந்து’ என்ற ஒரேயொரு பாட்டு எம்பி3 கோப்பாகக் கைபேசியிலிருந்து கைபேசிக்குத் தாவி வந்து சேர்ந்தது. மிச்சப் பாட்டுகள் பின்னால், ஒவ்வொன்றாக வந்தன. கேட்ட பொடியன்களில் பலர் அதைச் சென்னைப் பாட்டென்றே நம்பினார்கள். கொழும்புப் பாட்டென்று சாதித்தவர்களும் உண்டு.

தமிழ் ஹிப்ஹொப் தொகுப்புகளை வரிசைப்படுத்தச் சொன்னால் இதைத்தான் முதலில் வைப்பேன். யோகி பியின் கைபட்ட மற்றத் தொகுப்புகளுக்கும் மேலே, பின்னால் வந்த பளபளப்பான பலவற்றுக்கும் மேலே. ஒலிப்பதிவின் துல்லியத்தை மட்டும் பார்த்தால் இதைவிடச் சிறந்தவை இருக்கின்றன. ஆனால் பெயரும் முகமும் உதிர்ந்த பிறகும் கடல் தாண்டி வந்து, எங்கள் கரையில் கேட்டவர் வாயில் ஒட்டிக்கொண்ட தமிழ் ராப் தொகுப்பு எனக்குத் தெரிந்து வேறொன்றில்லை. அது எப்படி நடந்தது என்று பின்னோக்கிப் போனால் சென்னை, நியூயோர்க், கோலாலம்பூர், நாகூர் என்று பல ஊர்களைக் கடக்க வேண்டியிருக்கிறது.

முதலில் சென்னை. ‘மடை திறந்து’ ஒரு பழைய சினிமாப் பாட்டின்மேல் கட்டியது, அந்த மூலப் பாட்டுக்குத் தொகுப்பைவிட 26 வயது கூட. அது இடம்பெற்ற, பாரதிராஜா இயக்கிய ‘நிழல்கள்’ 1980 இல் வெளியானது. இசை இளையராஜா, வரிகள் வாலி, குரல் எஸ். பி. பாலசுப்பிரமணியம். வைரமுத்து சினிமாவுக்குப் பாட்டெழுத வந்த படமும் அதுதான், அவர் எழுதியது வேறு பாட்டு. படம் ஓடவில்லை, பாட்டுகள் ஓடின. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்த எங்கள் உம்மா, வாப்பா தலைமுறைக்கு இந்தப் பாட்டை அறிமுகப்படுத்த வேண்டிய தேவையே இல்லை. அரிசி களைந்துகொண்டே முணுமுணுத்த பாட்டு அது.

ஆயிரக்கணக்கான சினிமாப் பாட்டுகள் கிடக்க, ஒரு ராப் குழு இதை ஏன் எடுத்தது? வேகம் ஒரு காரணம். பாலசுப்பிரமணியம் அதில் சொற்களை இழுத்துப் பாடாமல் அடுக்கிக்கொண்டு ஓடுவார். அதைவிடப் பெரிய காரணம் பாட்டின் பொருளில் இருக்கிறது என்பது என் கருத்து. தமிழ்ச் சினிமாவில் நாயகன் காதலியைப் பாடுவான், தாயைப் பாடுவான், தத்துவம் பாடுவான். தன் தொழிலான இசையையே, அதில் தனக்கு வரப்போகும் பெயரையே நெஞ்சு நிமிர்த்திப் பாடும் பாட்டு மிகக் குறைவு. ‘நிழல்கள்’ பாட்டு அந்தக் குறைவானவற்றில் ஒன்று. வாய்ப்புக்காகக் காத்திருக்கும் இசைக்காரன் ஒருவன் காணும் கனவு அது. ராப் பாடுகிறவனின் முதல் விஷயமும் அவனேதான்: நான் யார், எங்கிருந்து வருகிறேன், என் சொல்லுக்கு என்ன வலு. யோகி பி குழு அந்தப் பாட்டில் தங்கள் தொழிலின் ஆதிக் குரலைக் கண்டுபிடித்தது. சும்மா ஒரு பழைய மெட்டைத் தூசி தட்டி எடுத்திருந்தால் அது ஒரு வருடத்தில் மறந்திருக்கும்.

பழைய பாட்டுக்குள் புகுந்து புதுப் பாட்டைக் கட்டும் முறை நியூயோர்க்கிலிருந்து வந்தது. ஜமேக்காவில் பிறந்து பிரோங்ஸில் வளர்ந்த கூல் ஹேர்க் என்ற இளைஞர், 1973 ஓகஸ்ட் 11 அன்று தன் குடியிருப்பில் நடந்த விருந்தில் இரண்டு சுழல்தட்டுகளில் இசை போட்டார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து, பாட்டின் நடுவே மேளம் மட்டும் ஒலிக்கும் சிறு இடைவெளியை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டும் உத்தி அவருடையது. நீண்ட அந்த மேளத்தின் மேல் ஆட்கள் பேசத் தொடங்கினார்கள். ஹிப்ஹொப்பின் பிறந்தநாளென்று அந்த நாளைத்தான் சொல்கிறார்கள்.

அந்த உத்தியை நுட்பமான கலையாக்கியவர்களில் முக்கியமானவர்கள் ‘எ ட்ரைப் கோல்ட் குவெஸ்ட்’ குழுவினர். நியூயோர்க்கின் குவீன்ஸ் பகுதியில் உருவான குழு: கியூ-டிப், ஃபைஃப் டோக், அலி ஷஹீத் முஹம்மத், ஜரோபி வைட். துப்பாக்கியும் வன்மமும் ராப்பில் விற்பனையாகிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் பெற்றோரின் ஜாஸ் இசைத்தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு நகைச்சுவையும் சிந்தனையுமாகப் பேசினார்கள். 1991 இல் வந்த ‘த லோ எண்ட் தியரி’ தொகுப்பில் மைல்ஸ் டேவிஸோடு வாசித்த ரொன் கார்ட்டரையே ஒரு பாட்டுக்கு டபிள் பேஸ் வாசிக்க வைத்தார்கள். 1993 இல் ‘மிட்நைட் மரோடர்ஸ்’ வந்தது. இந்த இரண்டில் எது முதலிடம் என்று உலகம் முழுவதும் ராப் பிரியர்கள் இன்றும் சண்டை பிடிக்கிறார்கள். எனக்கு ‘மிட்நைட் மரோடர்ஸ்’ கேட்க அதிகம் பிடிக்கும், ஆனால் முதலிடம் ‘லோ எண்ட் தியரி’க்குத்தான் கொடுப்பேன். முழுமை பெற்ற தொகுப்பு ஒன்று, பிறருக்குக் கதவு திறந்த தொகுப்பு இன்னொன்று என்றால் கதவு திறந்ததன் பக்கம்தான் நான் நிற்பேன். ‘வல்லவன்’ பற்றிப் பேசும்போதும் என் அளவுகோல் இதுவே. அலி ஷஹீத் முஹம்மத் முஸ்லிம் என்பதும், கியூ-டிப் தொண்ணூறுகளின் நடுவில் இஸ்லாத்தைத் தழுவியவர் என்பதும் எங்கள் பக்கத்துப் பொடியன்களுக்கு அந்தக் குழுவின்மேல் தனிப் பற்றை உண்டாக்கியிருக்கின்றன. ஃபைஃப் டோக் 2016 மார்ச்சில் இறந்தார். அதே வருடம் நவம்பரில் அவருடைய குரலோடு குழுவின் கடைசித் தொகுப்பு வெளிவந்தது.

இனி கோலாலம்பூர். யோகேஸ்வரன் வீரசிங்கம் என்ற யோகி பி, ‘நட்சத்திரா’வுக்கு முன்பு ‘பொயட்டிக் எம்மோ’ என்ற குழுவில் இருந்தார். அவரோடு லேண்ட் ஸ்லைட், சி. லோக்கோ, பொயிண்ட் பிளாங்க். மூன்று தமிழரும் ஒரு சீனரும். 1998 இல் அவர்களுடைய முதல் தொகுப்பான ‘இட்ஸ் எ நைஸ் டே டு பி அலைவ்’ வெளிவந்தது. ஆங்கிலம், மலாய், தமிழ், கன்டோனீஸ் என்று நான்கு மொழிகளும் அதில் இருந்தன. மலேசியாவில் அந்தக் காலத்தில் இது சின்ன விஷயமில்லை. அங்கே அரச வானொலியில் தமிழுக்கு ஓர் அலைவரிசை (இன்றைய மின்னல் எஃப்எம்), மலாய்க்கு வேறு, சீனத்துக்கு வேறு. எங்கள் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திலும் சிங்கள சேவை, தமிழ்ச் சேவை, ஆங்கில சேவை என்று அறை அறையாகப் பிரித்திருப்பதைப் போலத்தான். ஒரு மொழியின் பாட்டு மற்றொன்றின் அறைக்குள் எட்டிப்பார்க்காது. நான்கு மொழியையும் ஒரே இறுவட்டில் ஏற்றியவர்கள் அந்தச் சுவர்களைப் பார்த்துப் பேசாமல் தெருவைப் பார்த்துப் பேசினார்கள். கோலாலம்பூர்த் தெருவில் ஒரே ஆள் ஒரே மூச்சில் மூன்று மொழி பேசுவார்.

இரண்டாவது தொகுப்பு ‘த வேர்ல்ட் இஸ் யுவர்ஸ்’ 2000 இல். அதற்குப் பிறகு ‘ரிட்டர்ன் ஒஃப் த டோப்பஸ்ட்’. இரண்டையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் தொகுப்பு வெட்டிய பாதையில் இவை நடந்தன, அவ்வளவுதான்.

‘வல்லவன்’ வேறு பாதை. இங்கே யோகி பி தமிழ்க் கேட்போரை நேராகப் பார்த்துத் திரும்பி நிற்கிறார். முந்திய தொகுப்புகளில் தமிழ் ஒரு விருந்தாளி, வந்து ஒரு பாட்டோ இரண்டு பாட்டோ பாடிவிட்டுப் போகும். ‘வல்லவ’னில் தமிழ் வீட்டுக்காரி. ஆங்கிலம் வந்து உட்காரும், பேசும், எழுந்து போகும், ஆனால் சமையலறைச் சாவி தமிழின் இடுப்பில் இருக்கும். தமிழ் ராப் என்றால் ‘காதலன்’ படத்துப் ‘பேட்டை ராப்’பைத்தான் அதற்கு முன் எல்லோரும் சொல்வார்கள். 1994 இல் ஏ. ஆர். ரஹ்மான் இசையில் சுரேஷ் பீட்டர்ஸ், தேனி குஞ்சரம்மா, சாகுல் ஹமீது பாடியது. அருமையான பாட்டு, ஆனால் அது படத்தின் ஒரு காட்சிக்காகப் பிறந்தது. காட்சி முடிந்தால் வேடம் கலைந்துவிடும். ‘வல்லவன்’ எந்தப் படத்துக்கும் கட்டுப்படாமல், ராப் பாடுகிறவன் தன் சொந்தப் பெயரில் நின்று பேசிய தொகுப்பு. தமிழில் அடுக்குமொழியும் எதுகையும் மோனையும் ஏற்கனவே இருக்கின்றன, ஆங்கில ராப்பின் சந்தத்தைக் கடன் வாங்கத் தேவையில்லை என்பதை அந்த மூவரும் வாயால் செய்து காட்டினார்கள்.

தொகுப்பு சென்னைக்குப் போய்ச் சேர்ந்த விதம் தனிக் கதை. வெற்றிமாறனின் முதல் படமான ‘பொல்லாதவன்’ 2007 தீபாவளிக்கு வந்தது. ஜி. வி. பிரகாஷ் குமார் அதில் ‘எங்கேயும் எப்போதும்’ பாட்டைப் புதுப்பித்தார். மூலப் பாட்டைப் பாடிய பாலசுப்பிரமணியமே மறுபடி பாட, ராப் பகுதிக்கு யோகி பியை அழைத்தார்கள். மூலப் பாட்டு 1979 இல் வந்த ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்தில் எம். எஸ். விஸ்வநாதன் இசையமைத்தது. பாலசந்தரின் அந்தப் படம் ஓர் இசைக்குழு சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் போய்ப் பாடுவதைப் பற்றியது. 28 வருடம் கழித்து அதே பாட்டுக்காகத் தென்கிழக்காசியாவிலிருந்து ஒரு குரல் சென்னைக்கு வந்தது. பிறகு ‘ஆடுகளம்’, 2017 இல் ‘விவேகம்’, 2018 இல் ரஜினியின் ‘காலா’ என்று யோகி பியின் குரல் தமிழ்ச் சினிமாவில் தொடர்ந்தது. கோவையிலிருந்து வந்த ஆதியும் ஜீவாவும் ‘ஹிப்ஹொப் தமிழா’ என்ற பெயரில் 2012 இல் ‘ஹிப்ஹொப் தமிழன்’ தொகுப்பை வெளியிட்டபோது, தமிழில் ராப் எடுபடுமா என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு ‘வல்லவன்’ பதில் சொல்லி ஆறு வருடமாகியிருந்தது.

இனி எங்கள் கரை. நிந்தவூரைத் தாண்டித் தெற்கே வந்தால் ஒலுவில், அதற்கப்பால் பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. வயலும் கடலும் இங்கே அடுத்தடுத்து. 1995 இல் தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில்தான் இருக்கிறது. அது வந்த பிறகு யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள், மலையகத்துப் பிள்ளைகள், புத்தளத்துப் பிள்ளைகள், பின்னர் சிங்களப் பிள்ளைகள் எல்லாரும் இந்தச் சிறு ஊரில் தங்கிப் படிக்கிறார்கள். ஒரு பாட்டு பரவ இதைவிட நல்ல இடம் வேண்டுமா? விடுதி அறையில் ஒருவனிடம் இருந்தால் வாரக் கடைசியில் அது நாலு மாவட்டத்துக்குப் பஸ் ஏறிவிடும்.

கைபேசிக்கு முந்திய காலம் கசற் காலம். எழுபதுகளின் கடைசியிலிருந்து சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் போனவர்கள் திரும்பி வரும்போது பெரிய றேடியோ செட் கொண்டுவருவார்கள். வீட்டு ஹோலில் துணி போட்டு மூடி வைத்திருப்பார்கள். கல்முனை, அக்கரைப்பற்றுக் கடைத்தெருக்களில் ரெக்கோடிங் பார்கள் இருந்தன. வெற்றுக் கசற்றும் பாட்டுப் பட்டியலும் கொடுத்தால் இரண்டு நாளில் அடித்துத் தருவார்கள். நாகூர் ஹனீபாவும் இளையராஜாவும் ஒரே கசற்றின் இரண்டு பக்கங்களில் இருந்தது எங்கள் வீடுகளில் வழமை.

2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரையோரம் முழுவதும் உயிர்கள் போயின. மனிதரைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் கசற்றையும் செட்டையும் யாரும் நினைக்கவில்லை, நினைக்கவும் கூடாது. ஆனால் இருபத்தைந்து வருடமாகச் சேர்த்த பாட்டுகள் பல வீடுகளில் அந்த ஒரு காலையில் சேற்றோடு போனது உண்மை. மறுபடி வீடு கட்டி எழுந்தபோது யாரும் கசற் சேர்க்கத் தொடங்கவில்லை. அதற்குள் கைபேசி வந்திருந்தது. ‘வல்லவன்’ வெளியான நேரம் அதுதான்: பழைய அலமாரி போய், புதிய அலமாரி சட்டைப்பைக்குள் வந்திருந்த நேரம். கொமியூனிகேஷன் கடைகளில் போட்டோகொப்பி எடுப்பதும் வெளிநாட்டு அழைப்பு எடுப்பதும் ஒரு பக்கம், கணினியிலிருந்து மெமரி சிப்புக்குப் பாட்டு அடித்துக் கொடுப்பது இன்னொரு பக்கம். அடித்த பாட்டு புளூடூத் வழியாக ஊர் சுற்றும். கோப்புக்கு வைத்த பெயர் ஒவ்வொரு கையிலும் மாறும். பாடியவன் பெயர் போகும் இடம் அதுதான்.

மலேசியாவிலிருந்து வந்த பாட்டு என்று பின்னால் தெரிய வந்தபோது ஊரில் மூத்தவர்கள் அதிசயப்படவில்லை. அந்தக் கடல்வழி அவர்களுக்குப் பழக்கம். கல்முனைக்குடியில் கடற்கரைப் பள்ளி இருக்கிறது. நாகூரில் அடங்கியிருக்கும் ஷாஹுல் ஹமீது வலியின் பெயரில் ஒவ்வொரு வருடமும் அங்கே கொடியேறும், பன்னிரண்டு நாள் நடக்கும். அதே நாகூராரின் பெயரில் பினாங்கில் ஒரு தர்கா உண்டு. சிங்கப்பூரின் தெலோக் ஆயர் தெருவில் 1828 க்கும் 1830 க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்கா இன்றும் நிற்கிறது. நாகூரிலிருந்து கப்பலேறிய மரக்காயர்களும் மாலுமிகளும் தங்கள் வலியாரையும் கூட்டிக்கொண்டு போனார்கள், அவரைப் பாடும் பாட்டையும் கொண்டு போனார்கள். சிங்கப்பூரில் அச்சாகி இன்று கிடைக்கும் ஆகப் பழைய தமிழ் நூலே 1872 இல் வந்த ‘முனாஜாத்துத் திரட்டு’ என்ற பாடல் தொகுப்புத்தான், எழுதியவர் நாகூர்ப் புலவர். கொடியேற்றத்தைப் பற்றி எங்கள் ஊர்களில் இன்று இரண்டு கருத்து இருக்கிறது. அந்த விவாதத்தை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறேன். நான் சொல்வது வழியைப் பற்றி. நாகூர், பினாங்கு, சிங்கப்பூர், கல்முனை என்ற வளையத்தில் தமிழ்ப் பாட்டு இருநூறு வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ‘பேட்டை ராப்’பில் பாடிய சாகுல் ஹமீதுக்கும் அந்த வலியாரின் பெயர்தான்.

பாட்டு வந்து சேர்வது ஒன்று, ஊரின் காது அதை ஏற்றுக்கொள்வது வேறு. ராப் எங்கள் காதுக்கு அவ்வளவு புதிதாகப் படவில்லை. நோன்பு மாதத்து இரவுகளில் சஹருக்கு எழுப்பப் பக்கீர் பாவாமார் வருவார்கள். றபானைத் தட்டிக்கொண்டு பைத் படித்துக்கொண்டு தெருத் தெருவாகப் போவார்கள். இசைக்கருவி வேறில்லை, தோலும் குரலும் மட்டும். சொல் தாளத்தின்மேல் ஏறி நடக்கும், சிலவேளை தாளத்தை முந்தும், சிலவேளை பின்னால் இழுபட்டு வந்து சரியான இடத்தில் விழும். கைபேசி அலாரம் வந்த பிறகு இது குறைந்துவிட்டது. கேட்டு வளர்ந்தவர்களின் காதில் அந்த நடை இருக்கிறது.

இன்னொன்று கவி. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வாய்மொழிப் பாட்டை நாங்கள் கவி என்றுதான் சொல்வோம். நாலே வரி. வயல் காவலில் பாடுவது, வண்டிலில் பாடுவது, பெண்கள் பன்பாய் இழைத்துக்கொண்டு பாடுவது. மச்சான் ஒரு கவி சொன்னால் மச்சி பதில் கவி சொல்வாள், அடுத்தவர் சொன்ன சொல்லையே பிடித்துத் திருப்பி அடிப்பாள். நிந்தவூரைச் சேர்ந்த எஸ். முத்துமீரான் வருடக்கணக்காக அலைந்து இவற்றைத் திரட்டி நூலாக்கியிருக்கிறார். அவர் இல்லாவிட்டால் பாதி அழிந்திருக்கும். நியூயோர்க்கில் இரண்டு ராப் பாடகர்கள் எதிரெதிரே நின்று சொல்லால் மோதுவதைக் காணொளியில் பார்க்கிற எங்கள் பொடியன்கள், தங்கள் மூத்தம்மா அதை வயலில் செய்தாள் என்று அறிய வேண்டும். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக் கொடுப்பது குறைவு. அது எனக்குப் பெரிய மனவருத்தம்.

இசை கூடுமா கூடாதா என்ற கேள்வி எங்கள் வீடுகளில் உண்மையான கேள்வி. அதை லேசாக எடுத்துக்கொள்பவன் நானல்ல. ஆனால் ராப்பில் பொடியன்கள் சிலர் கண்ட ஈர்ப்பு இந்த இடத்திலிருந்தும் வந்தது. வாத்தியங்களைக் குறைத்து, மேசையில் தட்டும் தாளத்தோடு சொல்லை மட்டும் வைத்து ஒன்றைச் சொல்ல முடியும் என்று அவர்கள் கண்டார்கள். விடுதியில் அப்படிப் பாடிக் கேட்டிருக்கிறேன். காதல் குறைவு, ஊர்க் கதை அதிகம். 2013 இல் திறந்த ஒலுவில் துறைமுகத்தால் கரை அரிபட்டு மீனவரின் தென்னந்தோட்டங்கள் கடலுக்குள் போவதைப் பற்றி ஒருவன் பாடினான். செய்தித்தாளில் படித்ததைவிட அது எனக்கு உறைத்தது.

இலங்கைத் தமிழ் ராப்புக்குத் தனிக் கிளையும் உண்டு. கொழும்பில் கிரிஷான் மகேசன் கிட்டத்தட்ட யோகி பியின் காலத்திலேயே தமிழில் ராப் செய்தார். ஏடிகே என்ற தினேஷ் கனகரத்னம் ‘கடல்’ படத்தின் ‘மகுடி’, ‘அச்சம் என்பது மடமையடா’ படத்தின் ‘ஷோக்காளி’ வழியாக ரஹ்மானின் இசைக்குள் போனார். லண்டனில் மாயா அருள்பிரகாசம் என்ற எம்ஐஏ 2005 இல் ‘அருளர்’ தொகுப்பையும் 2007 இல் ‘கலா’வையும் வெளியிட்டார், முதலாவது தந்தையின் பெயர், மற்றது தாயின் பெயர். ‘வல்லவன்’ அந்த இரண்டுக்கும் நடுவில் பிறந்தது. ‘கலா’வுக்காக அவர் சென்னைக்கு வந்து உறுமி மேளம் பதிந்து கொண்டுபோனார். உலகம் அந்த மேளத்தைக் கேட்டது, ஆனால் அவர் பேசிய மொழி ஆங்கிலம். எம்ஐஏ உலகறிந்தவர், யோகி பியை உலகம் அவ்வளவு அறியாது. ஒலுவிலில் ஒரு பொடியன் வரிக்கு வரி மனப்பாடமாகச் சொல்வது யோகி பியைத்தான்.

யோகி பியின் தொகுப்புகளில் என் வரிசை இதுதான்: ‘வல்லவன்’ முதலில், 1998 ஆம் வருடத்து ‘இட்ஸ் எ நைஸ் டே’ அடுத்து, பிறகு ‘பொயட்டிக் எம்மோ’வின் மற்ற இரண்டும்.

பல்கலைக்கழகத்தில் படிக்கிற தம்பி ஒருவன் இதை ஒத்துக்கொள்வதில்லை. 1998 ஆம் வருடத் தொகுப்புத்தான் முதலிடம் என்கிறான். அவனுடைய வாதத்தை நான் தட்டிக்கழிக்க முடியாது. “காக்கா, ஊட்டுல தமிழ், பள்ளியில அரபு, கச்சேரிக்குப் போனா சிங்களம், பாடம் முழுக்க இங்கிலீசு. நாமளும் நாலு மொழியிலதானே வாழுறம்? அந்தத் தொகுப்புத்தான் நம்மட வாழ்க்க மாதிரி இரிக்கி” என்றான். அம்பாறை மாவட்டத்தில் தமிழ் பேசும் முஸ்லிம் பிள்ளை ஒருவன் இதைச் சொல்லும்போது அதில் பொய்யில்லை. என் பதில், நாலு மொழியில் ஓடித் திரியும் பிள்ளைக்குத்தான் ஒரு மொழியில் நிதானமாக நின்று முழுதாகப் பேசும் தொகுப்பு அதிகம் தேவை என்பது. அவன் சிரிக்கவில்லை, யோசித்தான், ஆனால் மாறவில்லை.

அவனும் எழுதுகிறான். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் கலந்து ஒரு பாட்டு எழுதிக் கைபேசியில் பதிந்து எனக்கு அனுப்பினான். நடுவில் எட்டு வரி தமிழில், எங்கள் ஊர்ப் பேச்சில், பதில் கவி மாதிரியே வந்திருக்கிறது. மூன்றில் அந்தப் பகுதிதான் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அது தனக்கும் தெரியும், ஆனாலும் மற்ற இரண்டையும் வெட்ட மாட்டேன் என்கிறான். அடுத்த பாட்டுக்கு மேசைத் தாளத்தை விட்டுவிட்டு உண்மையான றபான் வேண்டுமாம். கல்முனைக்குடியில் வாசிக்கத் தெரிந்த பாவா ஒருவரைப் பார்க்க அவனை வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன்.